ராசாங்கம் டிரைவருக்கு நான் போட்ட இரண்டு போஸ்டர்கள்

பக்கத்துக் கல்லூரியில் வரைகலை வடிவமைப்புப் பிரிவு புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே பாடம் எடுக்கும் தம்பி முன்பு எங்கள் பிரஸ்ஸில் என் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தவர். முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார். "பெருசா வேணாம்ணே. டிசைன்னா என்னா, ஒரு படம் எப்புடிப் பேசுது, அம்புட்டுத்தான்" என்றார். கண் கெட்டுப்போய், கணினித் திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். நேரம் இருக்கிறது. கோடு, நிறம், இடைவெளி என்று ஒழுங்காகத்தான் எழுதத் தொடங்கினேன். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் நான்காவது வரியில் ராசாங்கம் டிரைவர் வந்து நின்றுவிட்டார். ஆகவே அவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஊர், டி. கல்லுப்பட்டியிலிருந்து மேற்கே உள்ளே போக வேண்டும். பி.ஏ. முடித்துவிட்டு, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலையை ஆறு மாதம் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் மதுரை மாசி வீதிகளுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருந்த ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், சுவரில் ஒட்டும் போஸ்டர், விசிட்டிங் கார்டு எல்லாம் அங்கே ஓடும். முதலாளி சாந்தாராம் சார். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர். எங்களோடு பேசும் தமிழில் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. "அறிவிருக்காங்க தம்பி?" என்றுதான் திட்டுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. போஸ்டர் எதுவானாலும், அச்சடிக்கும் பிளேட் போடுவதற்கு முன்னால், மாதிரி ஒன்றை எதிர்ப்பக்கத்துப் பூட்டிய கடையின் ஷட்டரில் ஒட்டச் சொல்வார். பிரஸ் வாசலில் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் கழற்றுவார். அப்படியே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அந்த வழியாக டிரைசைக்கிளில் மூட்டை ஏற்றிப் போகிற யாரையாவது நிறுத்துவார். "அண்ணே, அந்தா ஒட்டியிருக்கே, அது என்னாதுங்கண்ணே?"

"கல்யாணம் சார்."

"சரி, போங்க."

கல்யாணத்தைக் கல்யாணம் என்றும் கட்சிக் கூட்டத்தைக் கட்சிக் கூட்டம் என்றும் அந்த ஆள் சொல்லிவிட்டால் பிளேட்டுக்குப் போகும். இல்லையென்றால் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். ஒருமுறை நகைக்கடைத் திறப்பு விழாவைப் பார்த்து ஒருவர் "கோயில் கும்பாபிசேகம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் வேலை அந்த ஒரு வார்த்தையில் போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. படிக்காத ஆள் சொல்வதை வைத்துப் படித்தவன் செய்ததைக் கிழிப்பதா?

அப்போது நான் டிசைன் பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி அகராதியோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த காலம். நிறத்தைக் குறை, வெற்றிடம் விடு, முகம் ஒன்றே போதும் என்று அவற்றில் இருந்தது. எனக்கு அது வேதவாக்கு. எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் ஒருவருக்கு வெள்ளை அட்டையில் மெல்லிய கருப்புக் கரை கட்டி விசிட்டிங் கார்டு செய்தேன். அவ்வளவு அழகாக அந்த சந்தில் யாரும் கார்டு செய்ததில்லை. பத்து நாளில் அவர் திரும்பி வந்தார். "தம்பி, எந்த வீட்டுல குடுத்தாலும் வாங்குன கையோட வாசல்லயே கிழிச்சுப் போடுறாய்ங்கப்பா!" கருமாதிப் பத்திரிகைக்குத்தான் இங்கே கருப்புக் கரை. அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். சாந்தாராம் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் மாயாண்டி என்ற கண்டக்டர் பிரஸ்ஸுக்கு வந்தார். உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்குப் போகும் பஸ்ஸில் வேலை. அவருடைய டிரைவர் ராசாங்கம் ரிட்டையர் ஆகிறார். அதே ரூட்டில் வருடக்கணக்காக ஓட்டியவர். கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து போஸ்டர் ஒட்ட வேண்டும்.

"நல்லா கலரா போடு மாப்ள. அண்ணே கும்புடுற மாதிரி. பக்கத்துல பஸ்ஸு படம். சுத்தி ரோசாப்பூ."

காக்கிச் சட்டையில் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு போட்டோ கொடுத்துவிட்டுப் போனார். நல்ல முகம். நரைத்த மீசை. கண்ணில் ஒரு நிதானம். அந்த முகத்துக்கு ரோஜாப்பூவா என்று இருந்தது எனக்கு. ஸ்கேன் செய்து நிறத்தை எடுத்தேன். காக்கியை, தோளை, பின்னணியை எல்லாம் நீக்கினேன். முகத்தின் ஓரங்களைப் புகைபோலக் கரைத்துவிட்டேன். பின்னால் முழுக் கருப்பு. அதிலிருந்து முகம் மட்டும் எழுந்து வருகிறது. கீழே ஓரத்தில், சின்ன எழுத்தில், 'பணி நிறைவு. நன்றி அண்ணே' என்று ஒரு வரி. அச்சிட்ட பின் கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அந்த வாரம் சாந்தாராம் சார் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் பரமக்குடி போயிருந்தார். மாதிரியை ஷட்டரில் ஒட்ட வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்ததாகச் சொன்னால் பொய். ஒட்ட வேண்டாம் என்று முடிவு செய்தேன். எந்த டிரைசைக்கிள்காரரிடமும் இதைக் காட்டிக் கேட்பதாக இல்லை.

ஒட்டியதைப் பார்க்க நானே உசிலம்பட்டி போனேன். காலை எட்டரை, ஒன்பது இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே வரிசையாக ராசாங்கத்தின் முகம். நெஞ்சு நிமிர்ந்தது. அதன்பிறகுதான் கூட்டத்தைக் கவனித்தேன். டைம் கீப்பர் அறையைச் சுற்றி நூறு பேராவது இருப்பார்கள். பெண்கள் தலையில் கை வைத்து நிற்கிறார்கள். ஒரு கிழவர் துண்டை வாயில் பொத்தி அழுகிறார்.

"என்னாச்சுண்ணே?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"எழுமலை வண்டி கவுந்துருச்சாம்ல. டிரைவர் போயிட்டாராம். போஸ்டரே ஒட்டிட்டாய்ங்க, பாக்கலையா?"

உண்மையாகவே விபத்து என்றுதான் அந்த ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் கை நீட்டிய திசையைப் பார்த்தேன். என் போஸ்டர். அந்த ஊரில், எங்கள் மதுரையில், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. நிறமாக இருந்தால் ஆள் இருக்கிறார். கருப்பு வெள்ளையில் முகம் மட்டும் கரைந்து நின்றால் ஆள் இல்லை. கை கூப்பினால் உயிர். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை என்றால் போய்விட்டார். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் என் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் கிட்டே போய்ப் படிக்கத் தேவை என்று நினைக்கவில்லை. படம்தான் சொல்லிவிட்டதே. டிரைவர் செத்தால் பஸ் என்ன ஆயிற்று? அந்த வண்டியில் வர வேண்டிய மகள், மாமியார், பள்ளிக்கூடப் பிள்ளை என்ன ஆனார்கள்? ஆளாளுக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு மினி பஸ் வந்து நின்றது. படியிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. மார்பில் அறைந்துகொண்டே வந்தார்.

"ஏ எம் பொறப்பே... எம் பொறப்பே..."

கூட்டம் விலகி வழி விட்டது. அவர் நேரே சுவருக்குப் போய், என் போஸ்டரில் தலையை வைத்து முட்டிக்கொண்டு அழுதார்.

பக்கத்தில் நின்ற பூக்காரம்மா சொன்னார்: "டிரைவரோட கூடப் பொறந்த அக்கா, பேச்சியம்மா. பத்து வருசமா தம்பிகூடப் பேச்சுவார்த்த இல்ல. இவுக மகனுக்குத் தம் பொண்ணக் குடுக்காம வெளிய அசல்ல குடுத்துட்டாருன்னு, 'இனி ஒன் சாவுக்குத்தான் வருவேன்'னு சபதம் போட்டுட்டுப் போனவுக. தெனம் வீட்டு வாசல் வழியாத்தான் தம்பி வண்டி போகும். ஏற மாட்டாக. பாவம், இப்ப வந்துட்டாகள்ல."

அப்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக, விடாமல் அடித்துக்கொண்டு எழுமலை வண்டி உள்ளே வந்தது. கடைசி நாள் என்று முன்கண்ணாடியைச் சுற்றிச் செவந்திப்பூ மாலை கட்டியிருந்தார்கள். ஜன்னல்களில் ஆட்கள் சிரித்துக்கொண்டு கையாட்டினார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ராசாங்கம்.

அவ்வளவு பெரிய கூட்டம் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ராசாங்கம் கழுத்து மாலையோடு இறங்கினார். சுற்றிப் பார்த்தார். சுவரில் தன் முகத்தைப் பார்த்தார். அதன் கீழே அக்காவைப் பார்த்தார்.

"அக்கா..."

பேச்சியம்மா திரும்பினார். பேயைப் பார்த்த மாதிரி அவரையே பார்த்தார். கூட்டத்தில் எவனோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு பரவியது. உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் வந்த சிரிப்புதான். ஆனால் அந்த அம்மாளுக்கு அது எப்படி விழுந்தது என்பதை முகத்தில் பார்த்தேன்.

"செத்தாத்தான்டா வருவேன்னு சொன்னேன். அதுக்காக, செத்துட்டேன்னு போஸ்டர் ஒட்டியா என்னைய வர வைப்ப?"

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. இப்பத்தான் வண்டிய விட்டு எறங்குறேன்."

"ஊரே சிரிக்க வச்சுட்டீல்ல? ஒன் சாவுக்குன்னு ஒரு நடை வச்சிருந்தேன் ராசாங்கம். அத நடந்துட்டேன். இனி நெசமாவே போனாலும் எனக்குச் சொல்லி விடாத. நான் அழுது முடிச்சுட்டேன்."

முடியை அள்ளி முடிந்துகொண்டு, வந்த மினி பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

இவ்வளவு நேரமும் நான் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன். 'அம்மா, இது என் தப்பு, அவருக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லாமல் அடுத்த மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சாந்தாராம் சார் ஊரிலிருந்து வந்ததும் மீதமிருந்த ஒரு போஸ்டரை ஷட்டரில் ஒட்டச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார். டிரைசைக்கிள்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் கேள்விக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "யாரு சார் எறந்தது?" என்றார். சார் திட்டவில்லை. "ஒட்டுன எல்லாத்தையும் தண்ணி தெளிச்சுக் கிழிக்கச் சொல்லுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் ராசாங்கம் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக நின்றேன். அவர் சிரித்தார். "எம் மூஞ்சி அப்புடியாப்பா இருக்கு? செத்துட்டதா சேதி கெளம்புனா ஆயுசு கெட்டின்னுதான் சொல்லுவாக, விடு." காபி கொடுக்கச் சொன்னார். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு. எங்க அக்காகிட்ட மட்டும் நீயே ஒருக்கா போய்ச் சொல்லிரு. நான் சொன்னா நம்பாது. போட்டவன் நீன்னு நேர்ல வந்து சொன்னா நம்பிரும்."

"இந்த வாரமே போறேண்ணே."

போகவில்லை. பிரஸ்ஸில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதுரைக்கு வந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ராசாங்கம் கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். பிளாஸ்டிக் துணியில் அடிக்கும் ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. பிரஸ்ஸில் புது மெஷின் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. மாதிரியை ஷட்டரில் ஒட்டும் வேலையை இப்போது நானே, யாரும் சொல்லாமலே செய்தேன். அந்த அம்மாளிடம் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் காலையில் மாயாண்டி வந்தார். ரோஜாப்பூ கேட்கவில்லை. கையில் அதே ஸ்டூடியோ போட்டோவின் இன்னொரு பிரதி. "நெஞ்சு வலிப்பா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். இந்த முறை புத்தகம் எதுவும் ஞாபகம் வரவில்லை. கருப்பு வெள்ளை, முட்டை வடிவத்தில் முகம், ஓரத்தில் ஒரு விளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. எல்லோரும் செய்வது போலவே செய்தேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிர் ஷட்டரைப் பார்த்தார். டிரைசைக்கிள்காரர், "சாவு சார். பாவம், நல்ல மனுசன் போல" என்றார். ஒரு மணிக்குள் உசிலம்பட்டியிலிருந்து எழுமலை வரை ஒட்டியாயிற்று.

நானும் சாவு வீட்டுக்குப் போனேன். மதியம் தாண்டியும் பேச்சியம்மா வரவில்லை. சொல்லப் போன உறவுக்காரர்களை வாசலோடு விரட்டியிருக்கிறார். "இந்தத் தடவ எம்புட்டுப் போஸ்டர் ஒட்டியிருக்காய்ங்க? எம்புட்டுப் பேரு நடிக்க வந்திருக்கீக? ஒருக்கா ஏமாந்தவ நான், போங்கடா" என்று சொல்லி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாராம். சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். ராசாங்கத்தின் மனைவி கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

பைக்கை எடுத்தேன். எழுமலைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டிய தெரு. வேலிப் படலுக்கு உள்ளே பேச்சியம்மா கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நேரே உள்ளே போய், அம்மா, நான்தான் அந்தப் போஸ்டரைப் போட்டவன் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

படலுக்கு வெளியே, பத்தடி தள்ளி, என் கால் நின்றுவிட்டது.

இத்தனை வருடம் நான் இங்கே வராததற்கு வேலை காரணமில்லை என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். இந்த மாதிரித் தெருக்களில், போஸ்டர் வருவதற்கு முன், சாவுச் சேதியை ஊர் ஊராக நடந்து போய்ச் சொன்னவர் என் அப்பா. கேதம் சொல்வது என்பார்கள். எங்கள் ஆட்கள் மேல் சுமத்திய வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து சொல்ல வேண்டும். சின்னப் பையனாக நான் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். என்னைப் படிக்க வைத்ததே நான் அப்படி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

செருப்பு எப்போது கழன்றது என்று தெரியவில்லை. கைகள் கக்கத்தில் இருந்தன. தலை குனிந்திருந்தது. என் வாயிலிருந்து என் அப்பாவின் குரல் வந்தது.

"ஆத்தா... உசிலம்பட்டி ராசாங்கம் காலமாயிட்டாக. நாலு மணிக்கு எடுக்குறாக."

பேச்சியம்மா நிமிர்ந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நான் நின்ற விதத்தைப் பார்த்தார். கன்றுக்குட்டியின் கயிறு கையிலிருந்து நழுவியது. ஊரெல்லாம் ஒட்டிய போஸ்டரையும் நேரில் வந்து அழுத சொந்தத்தையும் நம்பாதவர், இதை நம்பிவிட்டார்.

"ஏ எம் பொறப்பே..."

தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். அழுகையோடே உள்ளே போனார். முறத்தில் அரிசி எடுத்து வந்தார். கேதம் சொல்லி வந்தவனுக்குத் தானியம் கொடுப்பது வழக்கம். அவர் யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. அதைவிடக் கொடுமை, என் கைகள் சட்டையின் முன்பக்கத்தை ஏந்திப் பிடித்திருந்தன. இஸ்திரி போட்ட சட்டை. பையில் இரண்டு பேனா.

அரிசி விழுவதற்கு முன்னால் அந்தப் பேனாக்களைப் பார்த்துவிட்டார்.

"யாரு நீ?"

"அந்தப் போஸ்டர் போட்டவன் ஆத்தா. மொதத் தடவ தப்பாப் போட்டதும் நான்தான். ரிட்டையருக்குன்னு சொல்லித்தான் கேட்டாக. எனக்குப் போடத் தெரியல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒங்ககிட்ட வந்து சொல்லச் சொன்னாரு. நான்தான் வரல."

முறம் சாய்ந்தது. அரிசி மண்ணில் கொட்டியது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அவென் மேல தப்பே இல்லையா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. "தெனம் வாசல்ல ஹாரன் அடிச்சுட்டுப் போவான். ஒரு நாளும் நான் நிமுந்து பாக்கல."

மணி மூன்று ஆகிவிட்டது. "பஸ்ஸுக்கு நின்னா ஆகாது ஆத்தா, வண்டியில ஏறுங்க" என்றேன். ஒரு நொடி தயங்கினார். பிறகு ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். வழி முழுக்க அவர் அழவில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது தோளைத் தட்டினார். "நிறுத்து."

வண்டியை ஓரம் கட்டினேன். அவர் இறங்கிச் சுவருக்குப் போனார். ஓரங்களில் பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. விளக்கைத் தொட்டார். முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, மீசையிலிருந்து நெற்றி வரை மெதுவாகத் தடவினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவ சரியாத்தான் போட்டிருக்க" என்றார்.